மாடிப்படியில் வெள்ளைக் கோடு

அன்புள்ள வாசகருக்கு,

எங்கள் படக்கதை நாயகன் 'தோட்டக்காரன்' ஏன் எப்போதும் இடது கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கை வரைவது கஷ்டம். ஒரு கையோடு முடிந்தால் படம் வரைகிற அண்ணனுக்கு வேலை மிச்சம்.

கூலிக்குக் கொலை செய்கிறவன், செத்தவர் வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புவது யார் யோசனை என்பது அடுத்த கேள்வி. அது அண்ணியுடையது. "மனுஷன்தான் போயிட்டான், செடி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று அவர் விளையாட்டாகச் சொன்னதை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் காலமான பிறகு வந்த இதழ்களில் எல்லா மாடிப்படிகளிலும் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறதே, அது ஏன் என்பது மூன்றாவது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

அண்ணன் பென்சிலில் வரைவார். முழுக் கறுப்பு வர வேண்டிய இடத்தில் சின்னதாகப் பெருக்கல் குறி போடுவார். அந்த இடத்தை நான் மையால் நிரப்புவேன். ஏன் எதற்கு என்று கேட்டதே இல்லை.

பிற்பாடு அவருக்குப் பார்வை மங்கியது. கால் இடறாமல் இருக்க, அலுவலகப் படிகளின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்தேன். இழுத்தது நான்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அண்ணன், "அடுத்த இதழோட இவன முடிச்சுடலாம்டா" என்றார்.

"அண்ணே, இவன விட்டா நமக்கு வேற யாரு?"

"எனக்குக் கண்ணு போச்சு, இவனுக்கு உயிர் போகட்டும். சரிக்குச் சரி."

"வேணும்னா நான் வரையறேண்ணே."

"நீயா? நீ கறுப்பு அடிக்கிறவன்டா" என்று சிரித்தபடி கடைசிப் பக்கத்தை நீட்டினார்.

எங்கள் அலுவலக மாடிப்படியேதான். தோட்டக்காரன் தலைகீழாக உருண்டுகொண்டிருந்தான். வெள்ளைக் கோடு இருக்க வேண்டிய இடத்தில், படிக்குப் படி, பெருக்கல் குறி.

அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்ததும் மையையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு வெளியே மாடிப்படிக்குப் போனேன். குறி போட்ட இடத்தை நிரப்புவதுதானே என் வேலை. கை கழுவ அவர் கீழே இறங்கினார். எண்ணெய்ப் பெயிண்டின் மேல் எங்கள் மை ஒட்டாது. ஈரத் துணி பட்டதும் வழித்துக்கொண்டு வந்தது. விழுந்த சத்தம் கேட்டு ஆட்கள் கூடுவதற்குள் கோடுகள் பழையபடி பளிச்சென்று இருந்தன.

"கூடவே இருந்தீங்களே தம்பி, ஒரு கை பிடிச்சிருக்கக் கூடாதா?" என்று அண்ணி கேட்டார். மை படிந்த விரல்களோடு என் இடது கை பைக்குள் இருந்தது.

இப்போது தோட்டக்காரனை நான்தான் வரைகிறேன். படிகளை முழுக் கறுப்பாகத்தான் அடிக்கிறேன். காய்ந்ததும் பார்த்தால் விளிம்பு வெளுத்திருக்கிறது. மறுபடியும் அடிக்கிறேன். அச்சாகி வரும்போது கோடு அங்கேயே இருக்கிறது.

இதற்காக என்னைக் கொலைகாரன் என்று சொல்லிவிட முடியாது. சாக இருந்த ஒருவனைக் காப்பாற்றியிருக்கிறேன். அன்று கிளம்பும்போது, அண்ணன் மேசைமேல் இருந்த செடிக்கு மறக்காமல் தண்ணீரும் ஊற்றிவிட்டுத்தான் வந்தேன்.