பாதி அளவில் ஓர் இடுக்கி

அக்கிராசனம் வகிக்கும் ஹெட்மாஸ்டர் ஜேசுதாஸ் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே! தொழுகை முடித்த கையோடு கோட்டாற்றிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே! வடசேரிச் சந்தையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நிற்கும் வியாபாரிகளே! தாய்மார்களே! முன்வரிசையில் கணவரை இழந்த துக்கத்தோடு அமர்ந்திருக்கும் நேசம்மாள் அம்மையாரே! அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற வியாழக்கிழமை நம்மைவிட்டுப் பிரிந்தார் டிரெசர் ஏசுஅடிமை அவர்கள். அவரைப் பற்றிப் பேச, அவரோடு பதினொரு வருஷம் நம் ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் வேலை பார்த்த டாக்டர் செல்வதாஸ் ஆகிய என்னை அழைத்திருக்கிறீர்கள். அழாமல் பேசிவிடுவேன் என்று வீட்டில் வீரம் பேசிவிட்டு வந்திருக்கிறேன். பார்ப்போம்.

டிரெசர் என்றால் யார்? புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுகிறவர். அவ்வளவுதானா? பனையிலிருந்து விழுந்தவனின் காலுக்கு மட்டை வைத்துக் கட்டியது யார்? ஏசுஅடிமை! குளச்சல்காரனின் உள்ளங்கையில் ஏறிய தூண்டில் முள்ளை எடுத்தது யார்? ஏசுஅடிமை! டாக்டர் நான்தான் என்று பலகையில் எழுதியிருந்தது. வந்த ஜனங்களோ என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மற்றவர் இல்லியா?" என்று கேட்டார்கள். எனக்கு அதில் பொறாமை இருந்தது. இன்று மறைத்து என்ன ஆகப்போகிறது?

முன்பு இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குப் போகும்போது ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை விட்டுப் போனார். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன் எரிமலைச் சாம்பலில் மூடிப்போன ரோமர் பட்டணம் ஒன்றைத் தோண்டினார்களாம். அங்கே கிடைத்த ரண வைத்தியக் கருவிகளின் படங்கள் அதில் இருந்தன. கத்தி, சலாகை, இடுக்கி, திருகாணி வைத்த கருவி எல்லாம் உண்டு. அதைக் கண்ட நாள் முதல் ஏசுஅடிமைக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நம் கருவித் தட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.

"ஐயா, இதைப் பாத்தியளா? அவன் திருகாணியும் நம்ம சீமைத் திருகாணியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குல்லா? இவ்வளவு கருவி இருந்தும் ரோமாக்காரனுக்குப் புண்ணு ஏன் அழுகிச்சு, சொல்லுங்க?"

"நீரே சொல்லும்" என்பேன்.

"செய்யத் தெரிஞ்சுது, கொதிதண்ணியில போடத் தெரியல்ல. அவன் விட்ட இடத்திலேருந்தாக்கும் நாம பிடிச்சிருக்கோம்!"

என்ன கர்வம், என்ன சந்தோஷம் அந்த முகத்தில்!

ஒரு நாள் அந்தப் புத்தகத்தில் ஓர் ஏடு கழன்றது. அதில் ஓர் இடுக்கியின் படம். நுனி இரண்டும் சிறு கரண்டி போலக் குழிந்து, உள்ளே பொடிப்பல் வைத்தது. கட்டுத்துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் பொறுக்காத மனிதர் ஏசுஅடிமை. ஏட்டின் ஓரங்களைக் கத்தரியால் நேராக வெட்டி, அட்டையில் ஒட்டி, வடசேரியில் வெண்கல வேலை செய்யும் பூதலிங்கம் ஆசாரியாரிடம் கொடுத்தார். ஆசாரியார் அச்சாகச் செய்து கொடுத்தார். ஆனால், ஒரு சாண் இருக்க வேண்டிய இடுக்கி அரைச் சாண்தான் இருந்தது!

"படத்துக்க மேல நூல் வச்சு அளந்தாக்கும் செய்தேன். ஒரு நெல்லுக்கனம் பிசகாது" என்று ஆசாரியார் சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மை. படம் பாதி அளவில் வரைந்தது என்ற குறிப்பு அடியில் இருந்தது. அந்த ஓரத்தைத்தான் நம் டிரெசர் அழகாக வெட்டி எடுத்துவிட்டாரே!

ஆஸ்பத்திரியே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது யார்? நான்! சிரித்ததோடு விட்டேனா? "விளையாட்டுச் சாமான்களை ஆஸ்பத்திரித் தட்டில் வைக்கலாகாது" என்று எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். ஏசுஅடிமை இடுக்கியைத் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் தினமும் காலையில் மற்றக் கருவிகளோடு அதையும் கொதிக்கவைத்து, சுத்தமான துணியில் சுற்றி வைத்தார். கேட்டதற்கு, "உத்தரவு தட்டைப் பற்றித்தானே ஐயா, கொதிதண்ணியைப் பற்றி ஒண்ணும் இல்லியே" என்றார்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். கோட்டாற்றிலிருந்து ஹபீபா பீவி அம்மாள் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"புளியங்கொட்டை, டாக்டரே! பிள்ளைக்கத் தொண்டையில புளியங்கொட்டை!"

சீமை இடுக்கியை விட்டேன். அந்தச் சின்ன வாய்க்கு அது பெரிது; நுனியோ வழவழப்பு. கொட்டை வழுக்கியது. மறுபடி விட்டேன்; இன்னும் உள்ளே போயிற்று. குழந்தையின் உதடு நீலமானது. மூன்றாவது முறை விட எனக்குத் தைரியம் இல்லை.

அப்போது என் பக்கத்தில் ஒரு துணி பிரிந்தது.

"ஐயா, உத்தரவு உண்டா?"

என் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து, அந்த வேளையிலும் என்னிடம் கேட்டார்!

"கொண்டாரும்!" என்று கத்தினேன்.

"இந்தாருங்க. நான் தலையைப் பிடிக்கேன். பதறாதீங்க."

குழிந்த நுனி கொட்டையை முழுசாகக் கவ்வியது. பொடிப்பல் பிடித்துக்கொண்டது. வந்தது! குழந்தை வீரிட்டு அழுதது. அதைவிட இனிய சங்கீதத்தை நான் கேட்டதில்லை. வெளியே போய் ஏசுஅடிமை ஊருக்கெல்லாம் என்ன சொன்னார் தெரியுமா? "டாக்டர் எடுத்துட்டாரு!" ஐந்து வருஷமாக அந்தப் புகழை நான் வாய் மூடி வாங்கிக்கொண்டேன். இன்று திருப்பிக் கொடுக்கிறேன்.

நேற்று நேசம்மாள் அம்மையார் அவருடைய பெட்டியைத் திறந்து காட்டினார். வெட்டிய அந்த ஓரத் துண்டு உள்ளே பத்திரமாக இருந்தது. "அசலில் பாதி" என்ற ஆங்கிலக் குறிப்பின் கீழே பென்சிலில் அவர் எழுதியிருக்கிறார்: "ஆசாரி பேரில் குற்றமில்லை. வெட்டினது நான். அளவைத் திருத்த வேண்டாம்."

திருத்த மாட்டோம், ஏசுஅடிமை அவர்களே! இதோ என் பழைய உத்தரவு. அலமாரிக் கதவிலிருந்து கிழித்துக் கொண்டுவந்திருக்கிறேன். நாளைக் காலை கொதிதண்ணியில் முதலில் இறங்கப் போவது அந்த இடுக்கி. தட்டில் முதல் இடமும் அதற்கே. ஆசாரியாரே, அதே அளவில் இன்னும் இரண்டு வேண்டும். நூலைப் படத்தின் மேலேயே வையும்! உம்முடைய கேள்விகளை நாங்கள் கேட்போம், டிரெசர் அவர்களே. ரோமர் விட்ட இடத்தில் நீர் பிடித்தீர். நீர் விட்ட இடத்தில் நாங்கள் பிடிக்கிறோம்.

பெரியோர்களே, இந்த வேலையில் அவர் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். அது இங்கேதான், தன் தாயார் ஹபீபா பீவி அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜமீலா, எழுந்து நில், மக்கா. எல்லோரும் பார்க்கட்டும்.