திரும்பாத குமிழ்

இல்லண்ணே, உக்காரல. உக்காந்தா அப்புறம் எந்திரிக்க முடியாது. உங்க ரிப்பேர் கடைக்கு மூணு மாடி, லிஃப்ட் வேற ஓடல. தையல் மெஷினுக்கு இவ்ளோ வெயிட்டு எதுக்குண்ணே, துணி ஓடிப்போயிடுமா?

ஆமா, இந்தக் குமிழ்தான். எந்தத் தையல் வேணுமோ அதுக்குத் திருப்பணும்ல, அது வளைஞ்சு வளைஞ்சு போற தையல்லயே மாட்டிக்கிச்சு. நேர்த் தையலுக்கு வரவே மாட்டேங்குது. அம்மா இடுக்கி போட்டெல்லாம் திருப்பிப் பாத்துட்டாங்க. கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகலண்ணே. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இருங்க, அப்படியே பேசிக் காட்டுறேன், அவங்க மூக்காலதான் பேசுவாங்க. ஒரு மாசம் குனியக் கூடாதும்மா, ஊசி நூல் பக்கமே போகக் கூடாது, மீறினா அந்தக் கண்ணு போனதுதான், அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது.

அம்மா கேட்டாங்கன்னா நினைக்கிறீங்க? சரிங்க டாக்டர்னு தலைய ஆட்டிட்டு வந்து, கண்ணுக்குப் போட்ட மூடிய நெத்திக்கு ஏத்திவிட்டுட்டு மெஷின் முன்னாடி உக்காந்தாச்சு. ஸ்கூல் திறக்கப் போறாங்கடா, யூனிஃபார்ம் எங்கன்னு வாசல்ல வந்து நிப்பாங்கடா, நீயா தெச்சுக் குடுப்ப? அச்சு அசலா அம்மா, இல்ல?

சிரிக்காதீங்க. சமையல் நான், பாத்திரம் நான், கண்ணுக்குச் சொட்டு மருந்து நான். நீ கொண்டுபோகலைன்னா நானே தூக்கிட்டுப் போறேன்னு செருப்ப மாட்டிட்டாங்க. அப்புறம் என்ன பண்றது.

என்ன வாசனையா? ஐயோ, அது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். எங்கப்பா வேலை. கிரீச்னு சத்தம் கேட்டாப் போதும், ஊத்திடுவாரு. எண்ணெய்னா எண்ணெய்தானடா, மெஷினுக்குன்னு தனியா ஒண்ணா? உள்ள பிசின் மாதிரி இறுகிடுச்சா? மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சா விட்டுடுமா?

மெதுவாவே துடைங்க. இல்ல, நெஜமாவே அவசரமில்ல.

அட. அதுக்குள்ள திரும்பிடுச்சா? நேர்த் தையலுக்கே வந்துடுச்சா. கையில வித்தை இருக்குண்ணே உங்களுக்கு. கொஞ்சம் கம்மியா இருந்திருக்கலாம்.

கோச்சுக்காதீங்க. இது அந்த மூலையில ஒரு மாசம் கிடக்கட்டும். நீங்க யார்கிட்டயும் பொய் சொல்ல வேணாம், அதெல்லாம் சொல்லியாச்சு. மாடி ஏறுறதுக்கு முன்னாடி கீழயே நின்னு அம்மாவுக்குப் போன் போட்டேன். எந்த நம்பர்னு பாக்க அவங்களுக்கு இப்ப கண்ணு தெளியலையே. ரெண்டு தடவை இருமிட்டு, அதாவதும்மா, உள்ள ஒரு பல்சக்கரம் தேஞ்சுபோச்சு, வெளியூர்லேருந்து வரணும், ஒரு மாசம் ஆகும்னு. போன தடவை வீட்டுக்கு பெல்ட்டு மாத்த வந்தீங்கல்ல, அப்பவே உங்க குரல பிடிச்சு வெச்சுக்கிட்டேன். எனக்குக் குரல் உடைஞ்சதுலேருந்து அது சுளுவா வருது. நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்னு அம்மா வெச்சுட்டாங்க.

ஒண்ணே ஒண்ணுதான். அவங்க கூப்பிட்டா நீங்க எடுத்துடாதீங்க. யாரோ உங்கள மாதிரிப் பேசுறாங்கன்னு நினைச்சுக்குவாங்க.