தொண்ணூற்றேழு பச்சைக் குறிகள்

மேடையில் வீற்றிருக்கும் முதன்மை ஆசிரியர் ஐயா அவர்களே, ஆசிரியர் குழுப் பெரியோர்களே, அச்சகத் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் அரைப்புள்ளி ஐயாவின் மகளே, நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டே கேட்கும் நல்லவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆய்விதழில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கடைசியில் ஒரு பட்டியல் வருமே, வரிசையாகப் பெயர்கள், பக்கத்திலேயே அடைப்புக்குள் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம், அது செத்துப்போனவர்கள் பட்டியல் என்றே நினைத்திருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனுக்கு வேறென்ன தோன்றும்? ஒரு கட்டுரைக்கு இத்தனை உயிரா என்று வருத்தப்பட்டுக்கொண்டே காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போவேன். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். யாரிடம்? நம் மேற்கோள் சரிபார்ப்பாளர், அரைப்புள்ளி ஐயாவிடம்!

அவர் சிரிக்கவில்லை. தபால் தூக்குகிறவன் என்பதால் என்னைத் தபாலு என்றுதான் கூப்பிடுவார். "தபாலு, அது சாட்சிப் பட்டியல்டா. இவர் சொல்றதை முன்னாடி யார் சொன்னா, எந்தப் புத்தகத்துல, எத்தனாவது பக்கத்துல. சாட்சி பொய் சொல்லிடக் கூடாதில்ல? அதுக்குத்தான் என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க."

இருபத்தாறு வருடம் உட்கார்ந்தார் ஐயா! மாடிப்படிக்குக் கீழே, சன்னல் இல்லாத அந்த அறையில், இருபத்தாறு வருடம்! பெயர் முன்னால், முதலெழுத்து பின்னால். இதழின் பெயர் சாய்ந்த எழுத்தில். தொகுதி எண் தடித்த எழுத்தில். பக்க எண்ணுக்கு நடுவே சின்னக் கோடு. அரைப்புள்ளி வேண்டிய இடத்தில் காற்புள்ளி இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இதையெல்லாம் பார்த்துத்தான் அந்தப் பெயரை வைத்தோம். வைத்தவன் நான்தான்.

ஆனால் புள்ளியோடு முடிந்ததா அவர் வேலை? இல்லை! மூலப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்வார். கண்ணால் பார்ப்பார். பார்த்த பிறகுதான் ஓரத்தில் பச்சைப் பென்சிலால் ஒரு குறி. பார்க்காததற்குக் குறி கிடையாது. குடியரசுத் தலைவரே எழுதியிருந்தாலும் கிடையாது! நூலகத்துக்கு ஓடுகிறவன் நான். "எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாதே ஐயா" என்றேன். "அதனாலதான்டா நீ வேணும். படிச்சவன் தப்பைத் தானே சரியாக்கிப் படிச்சிடுவான். நீ உருவத்தை மட்டும் பார்ப்பே" என்றார். என்னைப் படிக்காதவன் என்று திட்டியவர்கள் உண்டு. அதற்காகவே வேலை கொடுத்தவர் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆசிரியர் ஐயாவுக்கு அந்த முழங்கால் நாள் நினைவிருக்கும். ஏன் ஐயா கீழே பார்க்கிறீர்கள்? நல்ல கதைதானே!

பச்சைக் குழந்தைகளின் காய்ச்சல் மருந்து பற்றிய கட்டுரை. அச்சகத்தில் இயந்திரம் காத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் குறி விழுந்துவிட்டது, ஒன்றுக்கு மட்டும் இல்லை. இருநூற்றுப் பதினாலாம் பக்கம் என்று போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் ஐயா அந்த அறை வாசலில் நின்று கத்துகிறார். "இதே பக்க எண்ணை இதுக்கு முன்னாடி மூணு கட்டுரைல போட்டிருக்காங்க. மூணு பேரும் முட்டாளா?"

"மூணு பேரும் பார்த்தாங்களான்னு தெரியலையே சார். ஒரு மணி நேரம் குடுங்க."

"குடுக்கலைன்னா?"

"வேற ஆளை வெச்சுக் குறி போட்டுக்குங்க. நான் வீட்டுக்குப் போறேன்."

நான் சைக்கிளில் பறந்தேன். நூலகத்தின் நிலவறையில் அந்தத் தொகுதியைத் தேடி எடுத்து, இருநூற்றுப் பதினாலைத் திறந்தால் ஒரு முழங்கால் படம்! தொலைபேசியில் சொன்னேன்.

"முழங்காலா? குழந்தைக் காய்ச்சலுக்கு முழங்கால் எதுக்குடா?"

"தவழ்றதுக்கா இருக்குமோ ஐயா?"

"வாயை மூடிட்டு ஒவ்வொரு பக்கமாப் புரட்டு. அந்தப் பேரோட உருவம் வர்ற வரைக்கும்."

வந்தது. இருநூற்று நாற்பத்தொன்றில்! எவனோ ஒருவன் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறான். பின்னால் வந்தவர்கள் புத்தகத்தைத் திறக்காமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள். பக்க எண் போனால் போகட்டும் என்பீர்கள். நகல் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அரைப்புள்ளி ஐயா படித்துச் சொன்னார். மூலத்தில் இருந்தது ஒரு நாள் முழுவதற்குமான மருந்தளவு. நம் கட்டுரையில் அதையே ஒரு வேளைக்கு என்று போட்டு, நாளுக்கு மூன்று வேளை கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்று மடங்கு! பச்சைக் குழந்தைக்கு!

ஆசிரியர் ஐயா அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அரைப்புள்ளி ஐயா நின்றுகொண்டே பச்சைக் குறி போட்டார்.

அப்படிப்பட்டவர் போய்விட்டார். மேசையில் கடைசியாக ஒரு கட்டுரை கிடந்தது. பட்டியலில் நூற்றுப் பதினெட்டு. பச்சைக் குறி தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டாவதன் ஓரத்தில் பென்சில் முனையை ஊன்றிய ஒரு பொட்டு மட்டும் இருக்கிறது. அப்போதுதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று ஆசிரியர் ஐயா என்னிடம் சொன்னார். "மிச்சம் இருபத்தொண்ணுதானே, அப்படியே அனுப்பிடு. சரிபார்த்தவர்னு கடைசிப் பக்கத்துல அவர் பேரையே போட்டுடலாம். அவருக்கு மரியாதையா இருக்கும்."

மரியாதையா, நண்பர்களே? கண்ணால் பார்க்காததைப் பார்த்தேன் என்று ஒருநாளும் சொல்லாத மனுஷனை, செத்த பிறகு சொல்ல வைப்பதா மரியாதை? அந்த இருபத்தொன்றுக்குள் இன்னொரு முழங்கால் இல்லை என்று இந்த மேடையில் யாராவது எழுந்து சொல்லட்டும் பார்ப்போம்!



வெளியே சத்தம் கேட்கிறதே, அது அச்சகத்து வண்டி. முக்கால் மணி நேரமாக ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கட்டுரை இருந்த உறையைக் காணவில்லை என்று காலையிலிருந்து அலுவலகமே தேடுகிறது. இதோ, என் கக்கத்தில் இருக்கிறது. வேலை போனாலும் போகட்டும் என்றுதான் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்லிவிட்டும் வந்தேன். "வேலை போனா பகலெல்லாம் வீட்டுல இருப்பியா?" என்று கேட்டாள். அது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

ஆஸ்பத்திரியில் ஐயா கேட்ட கடைசிக் கேள்வியை அவர் மகள் என்னிடம் சொன்னது. "மாமா, அப்பா என்னை விசாரிக்கலை, அம்மாவை விசாரிக்கலை. தொண்ணூத்தெட்டு கிடைச்சுதான்னு தபாலைக் கேளுன்னாங்க" என்றது. எனக்கு அழுகை வந்தது. அதற்குக் கோபம் வந்தது. இரண்டும் சரிதான்.

இந்தச் சபையின் முன்னால் சொல்கிறோம். நாளைக் காலை முதல் ஐயாவின் அறையில் மகள் உட்காரும், நான் நூலகத்துக்கு ஓடுவேன். அது படிக்கும், நான் உருவம் பார்ப்பேன். இருபத்தொன்றையும் கண்ணால் பார்ப்போம். அதற்குப் பிறகு வருகிற கட்டுரைகளையும் பார்ப்போம். கேட்பது ஒரே ஒரு வாரம். இதழ் ஒரு வாரம் தள்ளி வரும் என்று இந்தச் சீட்டில் எழுதியிருக்கிறோம். ஆசிரியர் ஐயா, உங்கள் கையெழுத்து மட்டும் பாக்கி. எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை, நான் இப்படியே நிற்கிறேன்.

பேனாவை எடுக்கிறார்.

போட்டுவிட்டார்! தேதியும் போட்டுவிட்டார். நன்றி ஐயா. நீங்கள் அன்றைக்கும் கடைசியில் ஒத்துக்கொண்டவர்தான்.

ஒரு சிறு அறிவிப்பு. கையெழுத்துப் போடும்போது ஆசிரியர் ஐயாவின் முழங்கை பட்டுத் தண்ணீர் ஜக்கு சாய்ந்துவிட்டது. சீட்டு நனையவில்லை, நான் எடுத்துவிட்டேன். ஐயா எழுதிக்கொண்டு வந்திருந்த இரங்கல் உரை நனைந்துவிட்டது. ஆறு பக்கம். மைப்பேனாவால் எழுதியது. அடுத்து ஐயா பேசுவார்.