ஊமையாற்றில் கம்பம் பிடித்தவன்

மதியம் பன்னிரண்டரை மணி. பேய் வருவதற்கு நடுராத்திரிதான் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது உச்சி வெயிலில் நடந்தது. மே மாதம். பாலசமுத்திரம் தாண்டி மலையடிவாரத்துக்குப் போகிற ஒற்றைத் தார்ச்சாலை. ஒரு ஆடு கிடையாது, ஒரு ஆள் கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு ஜீப்...

ஓட்டி வந்தவர் கோகுலகிருஷ்ணன். நம் காவ்யாவின் அக்கா வீட்டுக்காரர். காவ்யா இதோ, போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் கூட்டிக் குறைத்துச் சொன்னால் அவளே தடுக்கட்டும். அந்த மனிதரைப் பிடிக்கும் என்று சொன்ன ஒருவரை அவளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அரக்கோணத்துக்காரர். ரேணிகுண்டாவில் குடியிருந்துகொண்டு ஒரு சர்வே கம்பெனியில் வேலை. டீக்கடைக் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் குடிப்பார். கூட வேலை செய்கிறவன் பெயரைக் கேட்க மாட்டார். 'யோவ்' போதும் அவருக்கு.

அன்றைக்கு அவர் அளக்க வந்தது ஊமையாறு. கூனிமலையில் ஒரு பாறை வெடிப்பில் கசிந்து, படிப்படியாகக் கீழே இறங்கி, இடது பக்கம் இரண்டு ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, மொத்தமே பதினொரு கிலோமீட்டர் போய் ஓர் ஏரியில் விழுகிற சின்ன ஆறு. நடுவில் ஒரு மைல் தூரத்துக்கு ஆற்றையே காணாது. தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். மேலே வெறும் மணல், கருவேலம் புதர். கீழே ஒரு பாறை குறுக்கே தடுக்கிற இடத்தில் மறுபடி வெளியே வரும். எங்கேயும் சலசலப்பு கிடையாது. அதனால் அந்தப் பெயர்.

அந்த மணலை ஒட்டி ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி ப்ளாட் போடப் பார்த்தது. ஆறு என்றால் இரண்டு கரையிலும் அகலமாக இடம் விடவேண்டும். ஓடை என்றால் ஒரு குழாயைப் புதைத்து மேலே மண்ணைத் தள்ளிவிடலாம். ஆறா, ஓடையா என்று அளந்து எழுதவேண்டியவர் கோகுலகிருஷ்ணன். ஜீப்பை விட்டு இறங்குவதற்கு முன்பே அவர் மனதுக்குள் எழுதி முடித்துவிட்டார்: ஓடை. அகலம் ஆறு மீட்டர்.

கரையில் நிலம் வைத்திருந்த வசந்தா என்கிற அம்மாள் மோர்ச் செம்போடு வந்தாள்.

"சார், இது ஆறு சார். மேலதான் மணலு. தண்ணி கீய போய்க்கினே கீது. மழ புடிச்சா தோ, எங்க மோட்டார் கொட்டா வரைக்கும் வரும். நீங்க ஓடன்னு எய்திட்டா மூடிடுவாங்க. அப்பால தண்ணி எங்க போவும் சார்? எங்க வூட்டுக்குள்ளதான்."

"ஆறா?" கோகுலகிருஷ்ணன் சிரித்தார். "ஏம்மா, எங்க ஊர்ல ஒரு எருமை மூத்திரம் பேஞ்சா இதவிட அகலமா போகும்."

வசந்தா மோர்ச் செம்பைக் கொடுக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

அளக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் முக்காலி மேல் கருவி. அந்தக் கரையில் ஓர் ஆள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கம்பத்தின் உச்சியில் பிரிசம் என்று ஒரு கண்ணாடி. கருவி அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்தால் 'பீப்' என்று ஒரு புள்ளி பதியும். தூரம், மட்டம் எல்லாம் அதிலேயே வந்துவிடும். கம்பம் பிடிக்க ஊரில் கிடைத்த ஆள் ஏழுமலை. ஐம்பத்தைந்து வயது. அதிகம் பேசாதவர்.

ஒரு மணிக்குக் கோகுலகிருஷ்ணனுக்குப் பசித்தது. ஜீப்பிலிருந்து சாப்பாட்டை எடுத்துவரச் சொல்லி ஏழுமலையை விரட்டினார். ஜீப் ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்றது. ஏழுமலை போனார். கோகுலகிருஷ்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கருவியில் கண்ணை வைத்தார்.

எதிர்க்கரையில் ஓர் ஆள் நின்றான்.

ஒல்லியான ஆள். மடித்துக் கட்டிய வேட்டி. தலையில் போட்ட துண்டு முகத்தை மறைத்திருந்தது. கையில் கம்பம், நூல் பிடித்தமாதிரி நேராக. ஏழுமலை தன் கம்பத்தை எவனிடமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று இவர் நினைத்துக்கொண்டார். நீ யாரப்பா என்று கேட்கவில்லை. கேட்கிற ஆளா அவர்? மணிக்கட்டை மட்டும் ஈ ஓட்டுவதுபோல ஆட்டினார்... இடது பக்கம் போ.

ஆள் நகர்ந்தான். பீப்.

மறுபடி ஆட்டினார். நகர்ந்தான். பீப்.

கருவேலம் சருகு குவிந்து கிடந்த கரை அது. ஓணான் ஓடினாலே சரசரக்கும். இவன் நடந்தபோது ஒரு சத்தமும் வரவில்லை. எங்கிருந்தோ ஈர மண் வாசனை வந்தது, மழைக்கால ஏரிக்கரையில் அடிக்குமே, அந்த வாசனை. கருவிக்குள் பார்த்தால் எதிரில் இருக்கிறவனின் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். அந்த ஆளின் துண்டு நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. முழங்கையிலிருந்தும்.

'ரெண்டு அடி நடக்கறதுக்குள்ள வேர்த்துக் கொட்டுது சோம்பேறிக்கு' என்று கோகுலகிருஷ்ணன் நினைத்தார். "டேய், தூங்கறியா? இன்னும் தள்ளிப் போடா, தண்டம்!" என்று கத்தவும் செய்தார்.

இருபத்தேழு புள்ளி ஆயிற்று. முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம். ஏழுமலை. ஒரு கையில் சாப்பாட்டுப் பை. தோளில்... கம்பம்.

"சார், பீப்பு பீப்புன்னு கேட்டுச்சே. இன்னாத்த அளந்துக்கினு கீறீங்க?"

"அந்தப் பக்கம் ஒருத்தன நிறுத்திட்டுப் போனல்ல, அவனத்தான்."

"நான் யாரையும் நிறுத்தல சார். கம்பம் எங்கிட்டதான கீது. இது ஒண்ணுதான."

கோகுலகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். எதிர்க்கரையில் வெயில்தான் நின்றது.

ஏழுமலையின் முகத்தில் ரத்தமே இல்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். ஊர்க்காரன் எவனோ விளையாடுகிறான் என்றார். கண்ணாடி இல்லாமல் கருவி எப்படிப் பதிந்தது என்று ஏழுமலை கேட்டதற்கு, "உனக்கு அதெல்லாம் புரியாதுய்யா, சோத்த எடு" என்றார். ஆனால் சாதத்தைத் தொடவில்லை. பையோடு அப்படியே கொட்டினார்.

சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்து கணினியில் ஏற்றிப் பார்த்தார். இருபத்தேழு புள்ளியும் இருந்தன. ஆற்றின் அகலம் அறுபத்திரண்டு மீட்டர் என்று வந்தது. மட்டத்தைப் பார்த்தபோதுதான் கை நின்றது. கரையின் மட்டம் இல்லை அது. ஒவ்வொரு புள்ளியும் மணலுக்குக் கீழே நாலு மீட்டர். அந்த ஆள் நின்றதாகக் கருவி சொன்ன இடம், தண்ணீர் போகிற இடம்.

இருபத்தேழையும் அழித்தார். கருவிக் கோளாறு என்று சொல்லிக்கொண்டார்.

அழித்தால் வரைபடத்தில் அந்த இடம் காலியாகிவிடுமே, மறுநாள் திரும்பப் போய்த்தானே ஆகவேண்டும். போனார். அதே வெயில். ஏழுமலை எதிர்க்கரைக்குப் போகமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

"வேல வாணாம் சார். வுட்டுடுங்க."

"பேயா? இந்தச் சாக்கடைக்கு அது ஒண்ணுதான் கேடு." கோகுலகிருஷ்ணன் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். "நீ கருவிகிட்ட நில்லு. கண்ணாடி தெரியுதான்னு பாத்துக் கைய காட்டு, பட்டன அமுக்கு. மாடு மேய்க்கறதவிட சுலபம்."

மணலைத் தாண்டி அந்தக் கரையில் ஏறி நின்றார். தூரத்தில் ஏழுமலை குனிந்திருப்பது தெரிந்தது. முதல் நாலு புள்ளி ஒழுங்காக வந்தது. ஐந்தாவதற்கு, கருவிக்குப் பின்னாலிருந்து ஒரு கை ஆடியது. இடது பக்கம்.

நகர்ந்தார். பீப்.

மறுபடி கை ஆடியது. கையை நீட்டிக் காட்டவில்லை, மணிக்கட்டை மட்டும்... ஈ ஓட்டுவதுபோல. இவருக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எனக்கே காட்டுகிறானா? திட்ட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் கால் நகர்ந்தது. பீப்.

இன்னும் இடது. இன்னும் கீழே. கரையிலிருந்து மணலில் இறங்கினார். மணல் நெருப்பாகக் கொதித்தது. உள்ளங்காலில் மட்டும் சில்லென்று இருந்தது. கை ஆடியது. கணுக்கால் மறைந்தது. கை ஆடியது. முழங்கால். கம்பத்தை விடப் பார்த்தார், விரல் பிரியவில்லை. கத்த வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அப்போதுதான் கண்ணில் பட்டது. கருவியை விட்டு வெகுவாகத் தள்ளி, அன்றைக்குக் கரைக்குக் கிட்டக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஜீப்புக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் ஏழுமலை குந்தியிருந்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு.

அப்படியென்றால் கருவிகிட்டே நிற்பது...

துண்டு மட்டும் தெரிந்தது. கை மறுபடி ஆடியது. அலுத்துப்போன கை. வேலை தெரியாத ஆளிடம் வேலை வாங்குகிறவன் கை.

மோட்டார் கொட்டகையிலிருந்து வசந்தா பார்க்காமல் போயிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். மணலுக்கு மேலே ஒரு தலையும் இரண்டு தோளும் தெரிவதைப் பார்த்து, கிணற்றுக் கயிற்றை உருவிக்கொண்டு ஓடி வந்தாள். ஏழுமலையைக் கூவி வரவழைத்தாள். இரண்டு பேரும் அக்குளில் கயிற்றைப் போட்டு இழுத்து எடுத்தார்கள். இடுப்புக்குக் கீழே பேன்ட் நனைந்து ஒட்டியிருந்தது. செருப்பு இரண்டும் போய்விட்டன.

"ஈர மண்ணு வாசன வந்துச்சி. அதான் கருவிய வுட்டுட்டு ஓடிட்டேன்" என்றார் ஏழுமலை. 'சார்' என்று சேர்க்கவில்லை.

அவர் கையிலிருந்து நழுவிய கம்பம் அங்கேயே நின்றது, மணலுக்கு மேலே ஒரு முழம். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நேரானது. இடது பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றது. ஆளில்லாத கருவி, பீப் என்றது. கம்பம் மறுபடி நகர்ந்தது...

வசந்தா கீழே கிடந்தவரைப் பார்த்துத் துப்பினாள். "எய்ந்து ஓடுய்யா."

அதற்குப் பிறகாவது அந்த மனிதர் திருந்தியிருப்பார் என்று பார்க்கிறீர்களா? நாலு நாள் காய்ச்சலில் கிடந்தார். ஐந்தாம் நாள் படுக்கையிலிருந்தே எழுதி அனுப்பினார்: ஓடை. அகலம் ஆறு மீட்டர். புதைமணலில் மாட்டிக்கொண்டேன், பட்டிக்காட்டு ஜனங்கள் கதை கட்டுகிறார்கள் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

கருவியைக் கம்பெனி ஆட்கள் போய் எடுத்துவந்தார்கள். முக்காலி வைத்த இடத்திலேயே இருந்தது, ஒரு அங்குலம் அசையவில்லை. உள்ளே அறுநூற்றுப் பதினான்கு புள்ளிகள். ஆற்றோடு இறங்கி ஏரிக்குப் போகின்றன. ஏரியிலிருந்து கரையேறுகின்றன. அப்புறம் ரோட்டோரமாகவே... புத்தூர், வடமாலபேட்டை, ரேணிகுண்டா. எல்லாப் புள்ளியும் தரைக்குக் கீழே. கடைசிப் புள்ளி, கோகுலகிருஷ்ணன் குடியிருக்கிற தெருவில், அவர் வீட்டுக்கு மூன்று வீடு முன்னால் நிற்கிறது. அதோடு பேட்டரி தீர்ந்துவிட்டது.

அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லி அக்கா அழுகிறாள். அவர் கேட்கமாட்டேன் என்கிறார்.

கருவி இத்தனை நாளும் கம்பெனி அலமாரியில் சும்மாதான் கிடந்தது. நேற்று அதற்குப் புது பேட்டரி வந்ததாம். காவ்யா இப்போதுதான் சொன்னாள்.