லோனி கெர்தேசுக்கு வந்த அனுதாப அட்டை

"எங்க மாமனார் ஒண்ணு சொல்வாரு தம்பி, கண்ணாடி ஃபாக்டரி யூனியன் கூட்டத்துல. பேரு தெரியாதவன்கிட்ட சண்டை போடாதேம்பாரு... இல்ல, சண்டைக்கு முன்னாடி பேரக் கேட்டு வெச்சுக்கம்பாரா... ஏதோ ஒண்ணு. அத விடுங்க. நான் பேரக் கேட்டேன்ல? கேட்டு என்ன புண்ணியம்? மொதல்ல கடன் கம்பெனியிலேந்து கிரெக். 'மேடம், இனிமே உங்க வீட்டு விஷயத்துக்கு நான் ஒருத்தன்தான்'னான். அடுத்த மாசம் கூப்பிட்டா டான்யா. கிரெக் எங்கேன்னா, எந்த கிரெக்குன்னு கேக்கறா."

டொலீடோ நகரில் அந்தச் சமையலறை மேசைமேல் டுவைட் ப்ரூயிட் படிவத்தை விரித்து இருபது நிமிடமாகியிருந்தது. வீட்டுக்கடன் வசூலிக்கும் கம்பெனிகள், வீட்டை ஏலத்துக்கு அனுப்புமுன் குடியிருப்பவரைக் காப்பாற்ற உண்மையிலேயே முயன்றனவா என்று பார்ப்பது மாநில அரசில் அவருடைய வேலை. ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற லோனி கெர்தேஸ் புகார் எழுதியிருந்தாள். கடன் பாக்கிக்காக வியாழக்கிழமை அவள் வீடு ஷெரிஃப் நடத்தும் ஏலத்துக்கு வருகிறது. இதுவரை அவரால் பேனா மூடியைத்தான் கழற்ற முடிந்திருந்தது.

"ஒரு வீட்டுக்கு ஒரே ஆள். அதானே உங்க விதி? எனக்கு அஞ்சு பேர் வந்துட்டாங்க. ஏன் தவணை கட்ட முடியலன்னு ஒவ்வொருத்தருக்கும் புதுசா கஷ்டக் கடிதம் எழுதணுமாம். 'உங்க கஷ்டத்த உங்க வார்த்தையில சொல்லுங்க'ன்னு. என் கஷ்டம் ஒண்ணுதானே தம்பி? அஞ்சு தடவ எழுதினா கஷ்டத்துக்கே சலிச்சுப் போவுது. மூணாவதுல முழங்கால் வலியச் சேத்தேன். நாலாவதுல பூனைய. பூனைக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு, சும்மா சேத்தேன்... அந்த கசகசா ரோல எடுத்துக்கங்க, பாத்துக்கிட்டே இருக்கீங்க.

"கடைசியில என்ன பண்ணாங்க தெரியுமா? என்னயக் கொன்னுட்டாங்க. அந்த ஃப்ரிட்ஜப் பாருங்க."

ஃப்ரிட்ஜ் கதவில் லில்லிப் பூ போட்ட அனுதாப அட்டை ஒன்று காந்தத்தில் தொங்கியது. 'லோனியின் குடும்பத்தாருக்கு' என்று நல்ல கையெழுத்தில் எழுதி, கீழே கம்பெனியின் முத்திரை.

"அழகாத்தான் இருக்கு, அதான் மாட்டி வெச்சேன். அன்னிலேந்து யாரும் என்கிட்ட பேச மாட்டேங்கறாங்க. நான்தான் லோனின்னு சொன்னா, 'மன்னிச்சுக்கங்க, கடன் வாங்கினவங்ககிட்டதான் பேச முடியும், அவங்க காலமாயிட்டாங்க'ங்கறான். அவன் குரல்ல அப்படி ஒரு மரியாதை. உயிரோட இருந்தப்ப ஒருத்தன் அப்படிப் பேசினதில்ல."

டுவைட் கம்பெனி அனுப்பிய கோப்பை அவள் பக்கம் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார்.

"என்னது... கண்ணாடி எங்க... 'மார்ச் எட்டு. கடனாளி இறந்துவிட்டதாக அவருடைய தங்கை மார்கிட் தொலைபேசியில் தெரிவித்தார்.' தங்கையா? எனக்கு ஏது தங்கை? நான் ஒத்தப் பொண்ணு. யாரோ ஒரு சிறுக்கி என் பேர வெச்சு..."

அவள் காப்பிப் பாத்திரத்தை எடுத்தாள்.

"காப்பி ஊத்தட்டுமா?"

டுவைட் விரலை எடுக்கவில்லை.

"...சரி. அன்னிக்கு ஆறாவதா ஒருத்தன் லைன்ல வந்தான். 'மேடம், மொதல்லேந்து ஆரம்பிக்கலாமா'ன்னான். மொதல்லேந்து. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. மூக்கப் புடிச்சுக்கிட்டு, 'லோனி போயிட்டா, தங்கச்சி பேசறேன்'னேன். போன வெச்சுருவான்னு பாத்தா, அவன் அழுதுட்டான். சின்னப் பய போல. நான்தான் ஆறுதல் சொன்னேன், 'கடைசி நேரத்துல அவ கஷ்டப்படல'ன்னு. பேரு கேட்டான். எங்கம்மா பேரு வாயில வந்துச்சு.

"ஆனா ஒண்ணு கேளுங்க தம்பி. முழங்கால் வலின்னதுக்கு நாப்பது காகிதம் கேட்டவன், செத்துட்டேன்னா ஒரே ஒரு காகிதம் கேக்கக் கூடாதா? சாவுச் சான்று எங்கன்னு ஒருத்தன் கேக்கல. கேட்டிருந்தா மாட்டியிருப்பேன்ல? பூ அட்டை அனுப்பிட்டு நேரா ஏலத்துக்குத் தேதி குறிச்சுட்டான்."

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: 'கடனாளியே தவறான தகவல் அளித்தார்.' அதில் ஒரு டிக் போட்டால் கம்பெனிமேல் குற்றமில்லை; வியாழக்கிழமை ஏலம் வியாழக்கிழமையே நடக்கும். லோனியும் அந்தக் கட்டத்தைத் தலைகீழாகப் படித்துவிட்டாள்.

"இருபத்தெட்டு வருஷமா இங்க இருக்கேன்" என்றாள், தட்டை நகர்த்தியபடி. "அத எழுதிக்கங்க. மத்தது உங்க இஷ்டம்."

டுவைட் எழுதினார்: 'கம்பெனி இறப்புச் சான்று கேட்கவில்லை. கடனாளி உயிரோடு இருக்கிறார், நேரில் பார்த்தேன். ஏலத்தை நிறுத்த வேண்டும்.' கடைசிப் பக்கத்துக் கட்டத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார்.