நாத்தனார் தட்டின பர்கர்

ஐயய்யோ, எண்ணெய் வேணாங்க. பாட்டிலை அங்கயே வையுங்க. சட்டி சும்மா காயட்டும், ஒண்ணும் ஒட்டாது, அதுக்குன்னே பாத்து வாங்கினது. நீங்க அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. நின்னுக்கிட்டே கத்துக்கிட்டா கால்தான் வலிக்கும்.

எங்க வீட்டுக்காரர்தான அனுப்பினாரு? அதானே பாத்தேன். டிப்போல யாருக்காவது டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லிட்டா போதும், எங்க வீட்டுக்குப் போங்க, என் பொண்டாட்டி பர்கர் பண்ணச் சொல்லித் தருவா, தின்ன மாதிரியும் இருக்கும் சதையும் போடாதுன்னு அனுப்பி வச்சிடுவாரு. போன மாசம் ஒரு டிக்கெட் செக்கர் வந்தாரு. அவரு உள்ள வந்ததுக்கு அப்புறமும் அவர் தொப்பை கொஞ்ச நேரம் வாசல்லயே இருந்துச்சுன்னா பாத்துக்குங்களேன்.

உங்க வீட்டுக்காரரும் பஸ் ஓட்டுறவருதானா? உக்காந்தே இருந்தா வயிறு வைக்கத்தான் செய்யும். சுகரா, பிரஷரா?

ஓ.

அவரு தம்பிக்கா. கல்லீரல் குடுக்கணுமா.

இல்ல, இவரு சொல்லல. யாரோ கூட வேலை பாக்கறவரோட சம்சாரம் வருவாங்கன்னாரு, அவ்வளவுதான். இல்லல்ல, நீங்க உக்காருங்க, எதுக்கு எந்திரிக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்லித் தரேன்.

இந்தாங்க, கொத்துக்கறி. வாங்கும்போது முன்னாடியே அரைச்சு வச்சதை வாங்காதீங்க, கொழுப்பெல்லாம் அதுலதான் போடுவான். கோழி நெஞ்சுக்கறியா எடுத்து, கண்ணு முன்னாடி கொத்தித் தரச் சொல்லுங்க. கறி எவ்வளவோ அதே அளவுக்குக் காளான். பொடிப்பொடியா நறுக்கி, வெறும் சட்டில வதக்கி, தண்ணி சுண்டுற வரைக்கும் விடணும். பர்கர்ல பாதி காளான்னு சாப்பிடுறவங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் துருவின வெங்காயம், அதையும் துணில கட்டிப் பிழிஞ்சுடணும். ஒரு கைப்பிடி ஓட்ஸைப் பொடிச்சுப் போட்டு, முட்டை வெள்ளை, பூண்டு, மிளகு. மஞ்சக் கரு வேணாம். போட்டு அமுக்கிப் பிசையாதீங்க, கல்லாயிடும். பட்டும் படாம கலக்கணும்.

காளான் போடுறது என் கண்டுபிடிப்பு இல்லங்க. என் நாத்தனார் சொன்னது.

ஆமா, எங்க வீட்டுலயும் இதே கதைதான். அவருக்கு ஒரே தங்கச்சி. வாண்டுன்னுதான் கூப்பிடுவாரு. தலை நரைக்க ஆரம்பிச்சதுக்கப்புறமும் வாண்டுதான். எங்க ரெண்டு பேருக்கும் சுத்தமா ஆகாது. எங்க கல்யாணத்தன்னிக்கு வந்து, அண்ணி உங்க ஜாக்கெட்டு கை ஏத்தமும் எறக்கமுமா இருக்குங்கறா. நான் தையல்காரி. நானே தைச்ச ஜாக்கெட். அதை என்கிட்டயே சொல்றா. அப்படிப்பட்ட வாய்.

கட்டிக்கிட்டவன் எப்பவோ விட்டுட்டுப் போயிட்டான், தனியாத்தான் இருந்தா. குடிக்க மாட்டா, ஒண்ணும் கிடையாது, என்னவோ ஒரு நோய் வந்து கல்லீரலைத் தின்னுடுச்சு. கண்ணு மஞ்சளா, காலு வீங்கி, வயிறு மாசமா இருக்கற மாதிரி வந்து நிக்கிறா எங்க வாசல்ல. சண்டையாவது ஒண்ணாவது. உள்ள வாடின்னேன்.

டாக்டர் சொன்னாரு, அண்ணன் குடுக்கலாம், ஒரு துண்டு எடுத்து வச்சா ரெண்டு பேருக்கும் வளந்துடும், ரத்தமும் சேருதுன்னு. எனக்கும் பாத்தாங்க, சேரல. ஆனா இவருக்கு ஸ்கேன் எடுத்தா கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. இப்படியே எடுத்து வைக்க முடியாது, நல்லாக் குறைச்சுட்டு வாங்க, சீக்கிரம் குறைங்கன்னுட்டாங்க. உங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்களா? ம்.

கொழுப்பு எப்படி ஏறாம இருக்கும்? டிப்போ வாசல்ல ஒரு வண்டிக்கடை. வண்டியை விட்டு இறங்கினா நேரா அங்கதான். சீஸ் வழிய வழிய ரெண்டு பர்கர். அதைப் பாத்ததும் அவர் முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, தாலி கட்டும்போது என்னைப் பாத்துக்கூட அந்த வெளிச்சம் வரல. ஐயோ, நீங்க சிரிங்க, சிரிக்கத்தான் சொல்றேன். அதை நிறுத்துங்கன்னா மனுஷன் ரெண்டு நாள்ல சிடுசிடுன்னு ஆயிடுவாரு. சரி, நிறுத்த வேணாம், வீட்டுலயே பண்ணுவோம்னு ஆரம்பிச்சேன்.

முதல் தடவை ஓட்ஸை அள்ளிக் கொட்டிட்டேன். கடிச்சுப் பாத்துட்டு, இதை வச்சு ஆணி அடிக்கலாம்னாரு. அடுத்து பீன்ஸை வேகவச்சு மசிச்சுப் பண்ணினேன். பன்னை எடுத்தா உள்ள இருக்கறது பிதுங்கி ஓடுது. இது பர்கரா ஒத்தடமான்னாரு. அப்பத்தான் வாண்டு, இந்த ஸ்டூல்ல, நீங்க உக்காந்திருக்கீங்களே இதே இடத்துல உக்காந்துக்கிட்டு, காளான் போட்டுப் பாருங்க அண்ணின்னா. போட்டோம். அவர் ஒரு குறையும் சொல்லாம சாப்பிட்டு முடிச்சாரு. எங்களுக்கு அது பெரிய மெடல்.

அதுலருந்து ரெண்டு பேரும் கூட்டணி. அவளால நிக்க முடியாது, ஆனா கை நல்லா இருந்துச்சு. நான் நறுக்குவேன், அவ பிழிஞ்சு, பிசைஞ்சு, தட்டி வைப்பா. எவ்வளவு வட்டமா தட்டுவாங்கறீங்க! மயோனைஸுக்கு பதிலா தயிரை வடிகட்டி, கடுகு சாஸ் ஒரு ஸ்பூன், வெள்ளரிக்கா துருவல், அதுவும் அவ சொன்னதுதான். பன் கீழ்ப்பாதி மட்டும், மேல முட்டைக்கோஸ் இலை. பேசிக்கிட்டே செய்வோம். இத்தனை வருஷம் பேசாததை எல்லாம் பேசினோம்னு வச்சுக்குங்களேன். அந்த ஜாக்கெட்டு கை நல்லாத்தான் இருந்துச்சாம், என்னை அழ வைக்கணும்னு சொன்னாளாம். அண்ணனைக் கூட்டிட்டுப் போறாளேன்னு ஆத்திரமாம்.

தட்டுங்க, நீங்களும் ஒண்ணு தட்டுங்க. அப்படித்தான். நடுவுல கட்டை விரலால ஒரு குழி விடுங்க, இல்லாட்டி வெந்ததும் உப்பிக்கும்.

நல்லாத்தான் போச்சுங்க. அவர் பேன்ட் இடுப்பை நான் ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சேன். வாண்டு கைதட்டினா. அடுத்த ஸ்கேன்ல, பரவாயில்ல, இன்னும் கொஞ்சம்தான்னாங்க. அப்புறம் என்னாச்சுன்னு தெரியல, நின்னுடுச்சு. பிடிச்ச தையலை மறுபடி பிரிச்சு விடுறேன். வண்டிக்கடைக்குப் போறீங்களான்னு சண்டை போட்டேன். எங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணினாரு. டிப்போல விசாரிச்சேன், நிஜமாவே போகல. ஒருநாள் பாத்தா எண்ணெய் ஊத்தாத சட்டில பர்கர் சடசடன்னு பொரியுது. கறிக்காரன்தான் கொழுப்பைக் கலந்துட்டான்னு நேரா போய் அவன் கடை வாசல்ல கத்தினேன். பாவம், அந்த மனுஷன் கத்தியைக் கீழ வச்சுட்டு ரெண்டு கையையும் தூக்கிட்டான். வீட்டுல இவரு என்னடான்னா, இப்பதாண்டி உனக்குக் கை பக்குவம் வந்திருக்குன்னு ரசிச்சு ரசிச்சு சாப்பிடுறாரு.

கடைசி ஸ்கேன்ல டாக்டர் முடியாதுன்னு தலையை ஆட்டிட்டாரு. வேற சொந்தம் யாராவது இருக்காங்களான்னாரு. யாரு இருக்கா?

தீயைக் குறைச்சு வையுங்க. ஒரு ஸ்பூன் தண்ணி தெளிச்சு மூடிடுங்க, ஆவிலயே உள்ள வெந்துடும்.

அப்புறம் அவளை ஆஸ்பத்திரில படுக்க வச்சுட்டோம். ஒரு மத்தியானம் நான்தான் பக்கத்துல இருந்தேன். உங்க அண்ணன் வாயைக் கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமான்னு ஆத்தாமைல புலம்பிட்டேன். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அண்ணனைத் திட்டாதீங்க அண்ணி, வெண்ணெய் நான்தான் வச்சேன்னா.

ஆமாங்க. தட்டும்போது நடுவுல ஒரு கட்டி வச்சு மூடிடுவாளாம். நம்ம தையக்கடை கீழதான இருக்கு, பெல் அடிச்சா நான் இறங்கிப் போயிடுவேன். அப்ப செய்வாளாம். பொண்ணு ரொட்டிக்குன்னு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்த வெண்ணெய். இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீருதுன்னு நான் பொண்ணை அதட்டியிருக்கேன்.

ஏண்டி இப்படிப் பண்ணினேன்னு கேட்டேன். எங்க அப்பா ஆபரேஷன் ரூமுக்கு நடந்துதான் போனாரு அண்ணி, சின்ன ஆபரேஷன்னாங்க, எனக்குக் கையை ஆட்டிட்டுப் போனாரு, திரும்ப வரல. அண்ணனும் அப்படிப் போறதை என்னால பாக்க முடியாது. அவருக்கு நீங்க இருக்கீங்க, குழந்தை இருக்கு. வேணாம்னு நேர்ல சொன்னா நீங்க ரெண்டு பேரும் விடுவீங்களான்னா. சொல்லிட்டுச் சிரிக்கிறா. கறிக்காரர்கிட்ட என் சார்பா மன்னிப்பு கேட்டுடுங்க அண்ணிங்கறா. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா.

அந்த வாரமே போயிட்டா.

பரவாயில்ல, விடுங்க. இந்தத் துண்டை வச்சுக்குங்க, முகத்தைத் துடைங்க. உங்களை அழ வைக்கணும்னு ஆரம்பிக்கல.

அவ போனதுக்கப்புறம் இவரு வண்டிக்கடை இருக்கற பக்கம்கூடத் திரும்பல. தினம் இதேதான், அதுலயும் பன் வேணாம்னுடுவாரு. கன்னம் ஒட்டிப் போச்சு. பேன்ட்டை எவ்வளவு பிடிச்சுத் தைச்சாலும் இடுப்புல நிக்கல. டிப்போல பாக்கறவங்களுக்கெல்லாம் உடம்பைப் பாத்துக்கப்பான்னு சொல்றது, இங்க அனுப்பி வைக்கிறது. தன்னாலதான் தங்கச்சி போயிட்டான்னு நினைச்சு மனுஷன் உருகுறாரேன்னு எனக்குத் தாங்கல. நான் வாயை மூடிக்கிட்டு எத்தனை நாள் பாப்பேன்? செத்தவளுக்குக் குடுத்த சத்தியம் பெருசா, உயிரோட இருக்கற மனுஷன் பெருசா?

போன ஞாயித்துக்கிழமை காலையில சொல்லிட்டேன். யூனிஃபார்ம் சட்டையைத் தேச்சிட்டிருந்தாரு. உங்க மேல தப்பே இல்லங்க, வாண்டுதான் உள்ள வெண்ணெய் வச்சா, அவளே என்கிட்ட சொன்னான்னேன்.

தெரியும்னாரு.

தலைய நிமுத்தல. முதல் கடியிலயே தெரியும், எனக்கு வெண்ணெய் தெரியாதாங்கறாரு. அவ வைக்க வைக்க எனக்கு உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு, என் வாயால மாட்டேன்னு சொல்ல வேண்டியதில்லையேன்னு. எனக்கும் அப்பா கையாட்டினது ஞாபகம் இருக்குல்லன்னாரு. சொல்லிட்டு காலரைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கமும் தேச்சாரு.

நான் கீழ இறங்கிப் போயி யாரோ குடுத்த பேன்ட்டுக்கு ஜிப் வச்சேன். தைச்சு முடிச்சுப் பாத்தா தலைகீழா வச்சிருக்கேன்.

கோவமா? வந்துச்சு. யார் மேல காட்டுறது? அவ, நான் இல்லன்னாலும் அண்ணன் இருக்கட்டும்னு வச்சா. அவர் பயந்துபோய்ச் சாப்பிட்டாரு. நடுவுல நான் ஒருத்தி காளானை நறுக்கிக்கிட்டு நின்னிருக்கேன்.

வெந்துடுச்சு, மூடியை எடுங்க. இதை டப்பால போட்டுத் தரேன், உங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க. ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி, பக்கத்துல உக்காந்து, உங்களுக்கு பயமா இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க. இருக்குன்னு சொன்னா திட்டாதீங்க. இவர்கிட்ட யாருமே கேக்கலங்க. டாக்டர் எடை எவ்வளவுன்னு கேட்டாரு. நான் தினம் பசிக்குதான்னு கேட்டேன்.