சுத்து வழி

வெர்னா: இதுதான் உங்க பொண்ணு டெஸ்ஸா ரூமா, மிஸ்டர் காலின்?

காலின்: ஆமா மேடம். பாத்து... கம்பளம் வழுக்கும்.

வெர்னா: பத்து வயசுப் பொண்ணு ரூமு. இவ்ளோ சுத்தமாவா இருக்கும்?

காலின்: அவ கொஞ்சம்... ஒழுங்கு.

வெர்னா: போர்வைல கடை மடிப்புகூட கலையல.

காலின்: நேத்துதான் மாத்தினேன்.

வெர்னா: பல் தேய்க்கிற ப்ரஷ் காஞ்சு கெடக்கு.

காலின்: பல் தேய்க்கச் சொன்னாலே ஓடிடுவா. உங்க வீட்ல எப்படி?

வெர்னா: பேச்ச மாத்தாதீங்க. எல்லைக்குள்ள குடியிருக்கற பிள்ளைங்களுக்குத்தான் நம்ம மாவட்டத்துப் பள்ளிக்கூடத்துல இடம். அதச் சரிபாக்கறதுதான் என் வேலை. வாரத்துல நாலு ராத்திரி இங்க தூங்கறான்னு கையெழுத்து போட்டிருக்கீங்க.

காலின்: தூங்கறாளே.

வெர்னா: நேத்து?

காலின்: நேத்தும்தான். இடி இடிச்சுது இல்ல... பயந்து என் ரூமுக்கு ஓடி வந்துட்டா.

வெர்னா: நேத்து இடியே இல்லியே சார்.

காலின்: அப்ப... லாரி சத்தமா இருந்திருக்கும்.

வெர்னா: திங்கக்கிழமைலேர்ந்து உங்க பின்னாடிதான் வர்றேன். காலைல ஆறரைக்கு எல்லைக்கு வெளிய, க்ளீவ்லேண்ட்ல அவ அம்மா வீட்டு வாசல்ல நிக்கறீங்க. அங்கேர்ந்து ஏத்திக்கிட்டு வர்றீங்க.

காலின்: அந்தச் சாம்பல் கலர் காரு... நீங்களா?

வெர்னா: நான்தான்.

காலின்: டெஸ்ஸா அதுக்குப் பேரே வெச்சிட்டா.

வெர்னா: என்ன பேரு?

காலின்: வேணாம் விடுங்க.

வெர்னா: பரவால்ல, சொல்லுங்க.

காலின்: எலியம்மா... "எலியம்மா இன்னிக்கும் வந்துட்டாங்கப்பா"ம்பா.

வெர்னா: நல்லாத்தான் இருக்கு! சரி, அவ அம்மா வீட்டுக்கு எதிர்லயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. நடந்தே போயிடலாம். எதுக்கு இவ்ளோ தூரம் இழுத்துட்டு வர்றீங்க?

காலின்: இங்க கிளாரினெட் வாசிக்கச் சொல்லித் தர்றாங்க...

வெர்னா: அங்கயும்தான் சொல்லித் தர்றாங்க.

காலின்: மாசத்துக்கு ரெண்டு சனிக்கிழமை மேடம். அவளப் பாக்க கோர்ட்டு எனக்குக் குடுத்தது அவ்ளோதான். ஸ்கூல்ல கொண்டு விடறத மட்டும் அவ அம்மா என்கிட்ட விட்டா. இருபது நிமிஷ வழி. நான் ஏரிக்கரைய சுத்திப் போவேன், நாப்பதாயிடும்.

வெர்னா: தெரியும். நானும்தானே சுத்தினேன்.

காலின்: ஏறினதும் வாய மூட மாட்டா. முட்டை சாண்ட்விச்சு, ஆளுக்குப் பாதி. இறங்கிப் போறப்ப ஒரு தடவ திரும்பிப் பாப்பா. அதுவும் போச்சுன்னா எனக்கு... நீங்க என்ன எழுதப் போறீங்க?

வெர்னா: உள்ளதத்தான்.

காலின்: அப்ப அடுத்த வாரமே...

வெர்னா: அவசரப்படாதீங்க. மேலதிகாரி ஒத்துக்கிட்டா இந்தப் படிப்பு வருஷம் முடியற வரைக்கும் இங்கயே படிக்கலாம். உண்மையச் சொல்லி ஒரு மனு எழுதுங்க. கீழ நானும் ரெண்டு வரி எழுதறேன். ஜூன் வரைக்கும் கிடைச்சிடும்.

காலின்: அதுக்கப்புறம்?

வெர்னா: கோர்ட்டுல போய்க் கேளுங்க. பொய்க் கையெழுத்து மட்டும் வேணாம்.

காலின்: ஜூன்... சரி. ஒண்ணு கேக்கலாமா மேடம்? முதல் நாளே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அப்புறம் எதுக்கு நாலு நாள் வந்தீங்க?

வெர்னா: ஒரு நாளே போதும்தான்... என் மகன் என்கிட்ட பேசி ஆறு வருஷமாச்சு சார். நீங்க ரெண்டு பேரும் சிரிக்கறது உங்க காரு பின்கண்ணாடில நல்லாத் தெரிஞ்சுது. மத்த மூணு நாளும் அதப் பாக்கத்தான் வந்தேன்.